வேலூரில் இருந்துகொண்டு ராக் இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு எழுத முடியுமா?

"ராக் பாடகர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவதையே வேலையாக வைத்துக்கொள்ள முடியுமா? நான் வேலூரில் இருக்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விஐடியின் ரிவியரா கல்லூரி விழாவில் ஏதோ ஒரு பாண்டு வாசித்ததைக் கேட்டு ஆசை வந்திருக்கும். வீட்டில் "இதெல்லாம் ஒரு வேலையா" என்றிருப்பார்கள். என் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நான் எழுதிய ஒரே புத்தகத்துக்கு முதல் மூன்று வருடத்தில் கைக்கு வந்த ராயல்டி 6,200 ரூபாய். காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் இரவு நேர வரவேற்பாளர் வேலை பார்க்கிறேன். சோறு போடுவது அதுதான். நான் எழுத வந்ததும் அந்த லாட்ஜ் வழியாகத்தான். சிஎம்சி மருத்துவமனையில் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க ஷில்லாங்கிலிருந்து வந்த ஒருவர் இரண்டு மாதம் தங்கியிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டும் பழைய இசைப் பத்திரிகைகளும் கொடுத்துவிட்டுப் போனார். மே 24 வந்தால் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளை அவர்கள் ஊரில் கொண்டாடுவார்கள் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2011இல், ஃப்ரெடி மெர்க்குரி இறந்து இருபது வருடம் ஆனபோது, ஒரு மாத இதழில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். குயீன் என்ற ராக் குழுவின் பாடகர். "மும்பையில் பிறந்த பார்சி" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அப்போது பல இடங்களில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து இதழ் அலுவலகம் வழியாக ஒரு போஸ்ட் கார்டு வந்தது. பச்சை மையில் இரண்டே வரி. "அவர் பிறந்தது ஜான்சிபார் தீவில். தெரியாவிட்டால் கேட்டு எழுதவும்." கீழே மேல்விஷாரம் முகவரி.

கோபம்தான் வந்தது. நான்கு நாள் கழித்துச் சரிபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. 1946 செப்டம்பர் 5, கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே இருக்கும் ஜான்சிபார். அடுத்த வாரமே ஆற்காடு பஸ் ஏறி மேல்விஷாரத்தில் இறங்கினேன்.

கார்டு எழுதிய பாய்க்கு எண்பதை நெருங்கும் வயது. இளம் வயதில் ஆப்பிரிக்காவில் தார் எஸ் சலாம் நகரில் ஒரு குஜராத்தி வியாபாரியிடம் கணக்கு எழுதியவர். ராக் இசை ஒரு பாட்டு கூடக் கேட்டதில்லை. மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தார். அந்தப் பேடா பெட்டியின் மூடியைத் திருப்பிப்போட்டு, பச்சைப் பேனாவில் கடற்கரையை ஒரு கோடாக இழுத்து, "இது தார் எஸ் சலாம், எதிர்ல இதுதான் ஜான்சிபார்" என்று நீள்வட்டமாக ஒரு தீவு போட்டார். "64 ஜனவரில அங்க புரட்சி வந்துச்சு தம்பி. சுல்தான் ஓடிட்டாரு. நம்ம இந்தியாக்காரங்க மூட்டையும் கையுமா படகுல வந்து எறங்குனாங்க. நான் என் கண்ணால பாத்தேன். அந்தப் பையன் குடும்பமும் அப்பத்தான் லண்டன் போயிருக்கும். நீ மும்பைன்னு எழுதிட்டா, அவங்க ஏன் போனாங்கன்னு எப்படிச் சொல்லுவே?"

அந்தக் கேள்விதான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது. ஃப்ரெடியின் அப்பா ஜான்சிபாரில் பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர். எட்டு வயதுப் பையனை இந்தியாவில், மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் பியானோ, அங்கேதான் தி ஹெக்டிக்ஸ் என்ற பள்ளிக்கூட பாண்டு. திரும்பிப் போன கொஞ்ச நாளில் புரட்சி. 1964இல் குடும்பத்தோடு இங்கிலாந்து. பிறந்த ஊரைத் தப்பாக எழுதினால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் பீட்டில்ஸ் குழுவைப் பற்றி 2013இல் வெளியிட்ட முதல் தொகுதி 900 பக்கத்துக்கு மேல் போகும், ஆனால் 1962இன் கடைசி நாளோடு நின்றுவிடும். அவர்கள் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே! ஏன் அவ்வளவு பக்கம் என்று பாயைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஒருவர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதுகிற பழக்கம் நம் ஊரையே விட்டுவைக்கவில்லை. வெளியூர்க்காரர் யார் வேலூரைப் பற்றி எழுதினாலும் "தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்" என்று ஆரம்பிப்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981லிருந்தே லிங்கத்தை வைத்துப் பூஜை நடக்கிறது ஐயா! பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதை நாங்கள் பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். கோட்டைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் என்ன? இதைப் பத்து வருடமாகச் சொல்கிறேன்.

"நாதஸ்வரக்காரர்களை விட்டுவிட்டு வெள்ளைக்கார பாண்டுக்கு எதற்குத் தமிழில் புத்தகம்" என்று சிலர் இங்கே கேட்பார்கள். நாதஸ்வரக்காரர்களைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு ராகம் பிடிபடாது, தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்குக் கிடார் வாசிக்கவும் தெரியாது, லண்டனும் போனதில்லை. இரண்டையும் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஃப்ரெடியைப் பற்றி நான்கு வருடம் எழுதிய புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தைப் பதிப்பகத்தில் வெட்டிவிட்டார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லே வேண்டாம், "உடல்நலக் குறைவால் காலமானார்" போதும் என்றார்கள். தனக்கு எய்ட்ஸ் இருக்கிறது என்று ஃப்ரெடி தானே அறிக்கை விட்டார், மறுநாள் 1991 நவம்பர் 24 அன்று இறந்தார். அவரே மறைக்காததை நான் மறைப்பதா? அந்த அத்தியாயத்தில் நம் ஊரும் இருந்தது. 1986இல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மருத்துவர் நிர்மலா சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகள் காட்பாடி வரை ரயிலில் வந்து, சிஎம்சியில்தான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமியான எச்ஐவி இருப்பது முதலில் தெரிந்தது இங்கே, என் லாட்ஜிலிருந்து நடந்து போகிற தூரத்தில். அந்த இரண்டு பக்கத்துக்காக மூன்று முறை சென்னைக்குப் போய்ப் பேசினேன். முடியாது என்றார்கள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். ஜான்சிபார் அத்தியாயத்தை விரலை வைத்து வைத்துப் படித்தார். அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "எப்படிச் செத்தான்னு எழுதலையே தம்பி?" என்றார். வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளி வைத்தார்.

2019இல் வேறு ஒருவர் இரண்டாம் பதிப்பு போட்டார். அந்தப் பக்கங்களைச் சேர்த்தால்தான் தருவேன் என்றேன், சேர்த்தார். பாய்க்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். பச்சை மையில் கார்டு வந்தது: "கிடைத்தது. கடைசி அத்தியாயம் படித்தேன். பக்கம் 44இல் ஓர் எழுத்துப்பிழை, அடுத்த பதிப்பில் திருத்தவும்."