மதர்போர்டு போய்விட்டதாம்!

கேள்வி: என் லேப்டாப் திடீரென்று ஆன் ஆகவில்லை. கடையில் கொடுத்த பத்தே நிமிடத்தில், "மதர்போர்டு போய்விட்டது, மாற்றினால் புது லேப்டாப் விலையில் பாதி ஆகும்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பத்து நிமிடம் என்பதுதான் உறுத்துகிறது. மதர்போர்டும் பழுதாகும், மறுக்கவில்லை. ஆனால் சார்ஜர், அதைச் செருகும் துளை, கெட்டுப்போன பேட்டரி, ஸ்லாட்டில் சரியாக உட்காராத ராம் என்று மலிவான காரணங்கள் பல அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் வெளி மானிட்டர் ஒன்றை இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் போர்டுக்கு உயிர் இருக்கிறது; கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோ இருக்கக்கூடும்.

போர்டுதான் பழுது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முழுப் போர்டையும் மாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. மின்சாரம் வரும் பாதையில் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தாலும் லேப்டாப் அசையாது. அதை மல்டிமீட்டர் வைத்துத் தேடிப்பிடித்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சிப் லெவல் சர்வீஸ் என்பார்கள். அந்த வேலை தெரியாத கடைக்கு எல்லாப் பழுதுமே "போர்டு போய்விட்டது"தான். அதில் பாதி ஏமாற்று, பாதி அறியாமை. உங்கள் பணம் போவது என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

எனவே கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எதைச் சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" வேறு சார்ஜர் போட்டேன், ராமைக் கழற்றி மாற்றினேன், இந்த இடத்தில் வோல்டேஜ் வரவில்லை என்று அவர் வரிசையாகச் சொன்னால் காது கொடுக்கலாம். "எங்களுக்குத் தெரியாதா சார்?" என்றால், சோதித்த கூலியைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த கடையில் முதல் கடை சொன்னதைச் சொல்லாதீர்கள். சொன்னால் அவரும் திறந்து பார்க்காமலே ஆமாம் போட்டுவிடுவார்.

மாற்றுவது என்று முடிவானால் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பாகம், புதியதா பழையதா, உத்தரவாதம் எவ்வளவு காலம், கூலி எவ்வளவு, தொகை கூடினால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்களா. கழற்றிய பாகம் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும், அல்லது போனதாகச் சொல்வார்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தபோதே, கோப்புகள் இருக்கும் டிரைவ் தானாகப் பூட்டப்பட்டிருக்கும். போர்டை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்தத் திரையைக் கண்டதும் "டேட்டா போய்விட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், போனிலிருந்தே எடுத்துவிடலாம்.

கேள்வி: சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து கணினி மந்தமாக இருக்கிறது. உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிட்டார்களோ?

பதில்: சண்டைக்குப் போகுமுன் பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தொடுங்கள், அதுதான் ராம். மொத்த அளவு, வேகம், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். வாங்கிய பில்லோடு ஒப்பிடுங்கள். 16 ஜிபி இருந்த இடத்தில் 8 இருந்தால் மேற்கொண்டு துப்பறிய வேண்டியதில்லை. உங்களுடையது ராமைப் போர்டிலேயே பற்றவைத்த மெல்லிய லேப்டாப் என்றால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். அதை உருவி எடுக்க முடியாது.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவுக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். சீரியல் எண்ணோடு, அந்த டிரைவ் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் காட்டும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம்தான். நீங்கள் புதிதாக வாங்கி ஓராண்டே ஆன கணினியின் டிரைவ் 20,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் அது உங்களுடையதாக இருக்க வழியில்லை. அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் திருட்டு நடக்கவில்லை. விசிறியையும், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கையும் கழற்றியவர்கள், இடையில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைச் சரியாகப் பூசாமல் மூடியிருக்கலாம். சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் அவர்கள்தான் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அடுத்த முறை கொடுப்பதற்கு முன்பே சீரியல் எண்களைப் படம் எடுத்து வைத்து, அவற்றை ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

கேள்வி: பேட்டரி மாற்றக் கொடுத்தால்கூட பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: பேட்டரி மாற்ற பாஸ்வேர்டு எதற்கு? வேண்டியதில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒலி வரவைக்கும் மென்பொருளான ஆடியோ டிரைவரை மட்டும் முடக்கிய லேப்டாப்களை, கண்காணிப்பு ஏற்பாட்டோடு 16 கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அவற்றில் இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள். ஒலி வராததற்கும் உங்கள் படங்களுக்கும் என்ன சம்பந்தம்?

டிரைவைக் கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். இதைவிட உறுதியான வழி கிடையாது. முடியாவிட்டால் அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்கள். உங்கள் பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டிய வேலை என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் கடைப் படி ஏறாதீர்கள்.

கேள்வி: விண்டோஸை மீண்டும் நிறுவிவிட்டு, "ஒரிஜினல் விண்டோஸ்" என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். அசல்தானா?

பதில்: செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் போய்ப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக ஆக்டிவேட் ஆகியிருப்பதாக வீட்டுக் கணினி சொன்னால் அது பெரும்பாலும் திருட்டு வேலை. அதற்கான கருவிகள் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டே ஓடுவது வழக்கம். துடைத்துவிட்டு மறுபடி நிறுவித் தரச் சொல்லுங்கள். வாங்கும்போதே விண்டோஸ் இருந்த லேப்டாப் என்றால் அதன் உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை நிறுவினால் இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அப்படியானால் "ஒரிஜினல் விண்டோஸ்" என்று வாங்கிய பணத்தை, ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள்.