கேளுங்க சொல்றோம்: அப்பா பிசியோவுக்கு வரமாட்டேங்கிறார்

கேள்வி: ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம் ஆச்சு, அப்பா சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கார், கவுன்சலிங்லாம் நிஜமாவே உதவுமா?

பதில்: பிடிவாதம்னு நினைச்சு திட்டிடாதீங்கம்மா. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு டிப்ரஷன் வருதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது, மனசு சோர்ந்து கிடந்தா கை எப்படி அசையும், அதனால டாக்டர்கிட்ட அதையும் சொல்லி கவுன்சலிங், தேவைன்னா மருந்தும் கேளுங்க. கை தேற இன்னும் டைம் இருக்கு. 2006ல வெளியான எக்ஸைட் ஆய்வுல ஸ்ட்ரோக் வந்து 3லருந்து 9 மாசம் ஆன 222 பேர் இருந்தாங்க, அதுல ஒரு பிரிவுக்கு நல்ல கையில உறை மாட்டிவிட்டு பலவீனமான கையாலயே 2 வாரம் வேலை செய்ய வெச்சாங்க, ஒரு வருஷம் கழிச்சும் அவங்க கை மத்தவங்களைவிட நல்லா இயங்குச்சு. விரல் கொஞ்சமாவது அசையுறவங்களுக்குத்தான் இது, பிசியோகிட்ட கேட்டுக்கோங்க. இப்போதைக்கு சட்டை பட்டன் ஒண்ணே ஒண்ணு அவரே போடட்டும், பத்து நிமிஷம் ஆனாலும் பக்கத்துல நில்லுங்க, நீங்க போட்டுவிடாதீங்க.