கேள்வி-பதில்: சூரியன் வடக்கே போவதும் வெயில் ஏறுவதும்

பங்குனி பாதி தாண்டினாலே கடிதப் பை கனத்துவிடும். இந்த முறை வந்ததில் முக்கால்வாசி வெயிலையும் பருவங்களையும் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வழக்கமான எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன்: சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் எதுவும் கண்ணைக் காப்பாற்றாது. நிழலைப் பாருங்கள், அதுவே எல்லாம் சொல்லும்.

மதுரையில் நிழலில்லா நாள் எப்போது வரும்?

சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாத அந்த நாட்கள் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27. ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நேரத்தில் கவனம் வேண்டும். சரியாக 12 மணிக்குப் போய் நின்றால் கொஞ்சம் நிழல் இருக்கும். நம் கடிகார நேரம் மதுரைக்கு வெகு கிழக்கே உள்ள தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. மதுரையில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி 12.17 ஆகிவிடும்.

எங்கள் ஊரில் நிழலில்லா நாள் எப்போது? உடனே தெரிவிக்கவும்.

எந்த ஊர்? ஊர்ப் பெயர் இல்லாமல் இதே கேள்வி எட்டுக் கடிதங்களில் வந்திருக்கிறது. சூரியனைப் பற்றி எது கேட்டாலும் ஊரை எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அட்சரேகை தெரியாமல் இதற்குப் பதிலே கிடையாது. பொதுவாகச் சொன்னால், கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில். மற்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் இடைப்பட்ட நாட்களில். திரும்பி வரும்போது முதலில் சென்னை, ஆகஸ்ட் 18 சுமாருக்கு. கடைசியில் கன்னியாகுமரி, செப்டம்பர் 1 சுமாருக்கு. டெல்லிக்காரர்கள் காத்திருக்க வேண்டாம். கடகரேகைக்கு வடக்கே எந்த நாளும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதில்லை.

ஜனவரியில் பூமி சூரியனுக்குக் கிட்டே இருக்கிறது என்று படித்தேன். கிட்டே வந்தால் சுட வேண்டாமா? தை மாதம் ஏன் குளிர்கிறது? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, சேலம்)

இந்தக் கேள்வி கேட்டதற்காக உன்னைப் பாராட்டுகிறேன், தாயே. படித்ததையும் உடம்பில் பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாய்.

நீ படித்தது உண்மை. ஜனவரி முதல் வாரத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் என்றால் பெரிதாகத் தோன்றும். மொத்தத் தூரத்தில் அது மூன்று சதவீதம்தான். வந்து சேரும் வெப்பத்தில் ஏழு சதவீத வித்தியாசம். அந்த ஏழு சதவீதத்தை வேறொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதுதான் சாய்வு.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஜூனில் வட பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் விலகியிருக்கும். சாய்ந்திருப்பதால் வட பாதி சூரியனுக்குக் கிட்டே போய்விடுகிறது என்று நினைத்துவிடாதே, அதுவும் தப்பு. அந்தத் தூரம் ஒரு கணக்கே இல்லை. கதிர் விழுகிற கோணம்தான் மாறுகிறது. இன்று ராத்திரி ஒரு டார்ச் லைட்டைச் சுவருக்கு நேரே பிடித்துப் பார். சின்ன வட்டமாகப் பளிச்சென்று விழும். அப்படியே சரித்துப் பிடி. வட்டம் நீண்டு பரவி மங்கிப்போகும். டார்ச்சில் பேட்டரி அதேதான், பரவுகிற இடம்தான் கூடிவிட்டது. டெல்லியில் ஜூன் 21 நடுப்பகலில் சூரியன் 85 டிகிரி உயரத்தில் நிற்கும், டிசம்பர் 21இல் 38 டிகிரிதான். அதே ஒரு சதுர அடி மண்ணுக்கு டிசம்பர் நடுப்பகலில் கிடைப்பது ஜூனில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். பகல் நீளமும் பதினான்கு மணி நேரத்திலிருந்து பத்தேகாலுக்குக் குறைந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் குளிர்காலம். சேலத்தில் டிசம்பர் சூரியன் 55 டிகிரி உயரத்துக்கு வந்துவிடுகிறது, அதனால் உங்களுக்குக் குளிர் லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது.

இங்கே என் நெடுநாள் வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு சிறுவன் சுவரில் ஒட்டிய படத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டு, ‘இங்கே பூமி கிட்டே வருகிறது, அதனால் கோடை, இங்கே தூரம் போகிறது, அதனால் குளிர்’ என்று திக்காமல் திணறாமல் சொன்னான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மனசே சரியில்லை. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, படம் அப்படி. கோழிமுட்டையை நசுக்கியது போல ஒரு சுற்றுப்பாதை, நடுவே சூரியன். அதைப் பார்க்கிற எந்தப் பிள்ளைக்கும் வேறு என்ன தோன்றும்?

உண்மையான அளவில் வரைந்தால் என்ன வரும் தெரியுமா? பூமியின் பாதையை ஒரு சார்ட் பேப்பரில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரை. நீளவாட்டுக்கும் குறுக்குவாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.04 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்கூட இல்லை, உன் பென்சில் கோடே அதைவிடப் பருமன். காம்பஸ் வைத்து வட்டம் போட்டாலே போதும், சூரியனை மட்டும் நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். புத்தகத்தில் முட்டை வடிவம் வந்ததற்குக் காரணம், பாதையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து வரைவதுதான். சாப்பிடும் தட்டை மேசைமேல் வைத்து, தலையைத் தாழ்த்திப் பார்த்தால் தட்டு நீளமாகத் தெரிகிறதே, அது போல. படத்தின் கீழே ‘பக்கவாட்டுத் தோற்றம்’ என்று இரண்டு சொல் போட்டால் தீர்ந்தது. போடுவதில்லை. ஆசிரியர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது இதைச் சொல்லுங்கள்.

பூமி ஜனவரியில் கிட்டே இருக்கிறது என்பதற்கு உன் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. காலண்டரை எடுத்துத் தமிழ் மாதங்களின் நாட்களை எண்ணிப் பார். ஆனிக்கு 31, 32 நாள் வரும். மார்கழிக்கு 29, 30. தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். மார்கழியில் பூமி சூரியனுக்குக் கிட்டே இருப்பதால் வேகமாக ஓடுகிறது, மாதம் சீக்கிரம் முடிகிறது. ஆனியில் தள்ளி இருப்பதால் மெதுவாகப் போகிறது. கோள்களின் ஓட்டத்தைப் பற்றி வானியலாளர் கெப்ளர் சொன்ன விதி நம் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது.

அக்னி நட்சத்திரத்தின்போது அந்த நட்சத்திரத்தின் சூடும் பூமிக்கு வருகிறதா? (திருச்சி)

வராது. அக்னி நட்சத்திரம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணியின் முதல் பாதம் வரை இருக்கும் நாட்கள், ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. நட்சத்திரங்களின் ஒளி நம்மைச் சுடுகிற அளவுக்கு இல்லை.

ஏப்ரலிலேயே சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் வெயில் ஏன் மே மாதம் உச்சமாகிறது? (வேலூர்)

தோசைக்கல்லை அடுப்பில் வைத்தவுடன் மாவை ஊற்றுவீர்களா? மண்ணும் கடலும் காற்றும் சூடேற நாளாகும். ஏப்ரல் கடைசிக்குப் பிறகும் சூரியன் அதிகம் விலகிப் போவதில்லை. ஜூன் 21இல்கூட வேலூர் உச்சியிலிருந்து பத்து டிகிரிதான் வடக்கே தள்ளி நிற்கும். வரும் வெப்பம் போகும் வெப்பத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றும் மேகமும் வந்து அதைத் தணிக்கின்றன. இல்லையென்றால் ஆனி, ஆடி இன்னும் கொடுமையாக இருக்கும்.

நான் மெல்போர்னில் வசிக்கிறேன். வாஸ்து பார்ப்பவர் வடக்குப் பார்த்த வீட்டில் வெயில் விழாது என்கிறார். சரியா?

சென்னைக்குப் பெரும்பாலான மாதங்களில் சரி, மெல்போர்னுக்குத் தலைகீழ். அங்கே சூரியன் எப்போதும் வடக்குப் பக்கமாகத்தான் போகும். குளிர்காலத்தில் வெயில் வேண்டுமென்றால் வடக்கு ஜன்னலைத் தேடுங்கள்.

தைப்பொங்கலன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறது என்கிறோம். நீங்கள் டிசம்பர் என்கிறீர்கள். எது சரி? (தஞ்சாவூர்)

திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். இதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வருடம் முழுக்க, சூரியன் கிழக்கே எட்டிப்பார்த்தவுடன் ஒரு கம்பியின் நிழல் மேற்குக் கைப்பிடிச் சுவரில் விழுகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வந்தேன். சூரியன் தெற்கே போகப் போக நிழல் வடக்கே நகர்ந்தது. கார்த்திகை முழுக்கக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தன. மார்கழி முதல் வாரத்தில் ஒரே இடத்தில் கோட்டின்மேல் கோடாக நின்றன. பொங்கலன்று பார்த்தபோது ஒரு விரற்கடைக்குமேல் திரும்பி வந்திருந்தது.

அப்புறம், முன்னோர் தப்பாகச் சொன்னார்களா? இல்லை. ஏறக்குறைய 1,700 வருடங்களுக்கு முன் சூரியன் மகர ராசியில் நுழைவதும் வடக்கே திரும்புவதும் ஒரே நாளில் நடந்தன. பம்பரம் சுற்றும்போது தலையாட்டுவது போலப் பூமியின் அச்சும் மெல்ல வட்டமிடுகிறது. ஒரு முழு வட்டத்துக்கு 26,000 வருடம். அதனால் 72 வருடத்துக்கு ஒரு டிகிரி வீதம் விலகி, இன்று 24 டிகிரி, அதாவது ஏறக்குறைய 24 நாள், ஆகிவிட்டது. பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பருவம் சாய்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொங்கல் அறுவடைத் திருநாள், அதன் பெருமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை.

டிசம்பர் 22தான் மிகக் குறுகிய பகல் என்றால், சென்னையில் ஜனவரி கடைசியில்தானே சூரியன் மிகத் தாமதமாக உதிக்கிறது?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பகலின் நீளம் வேறு, நடுப்பகல் நேரம் வேறு. டிசம்பர், ஜனவரியில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நாளுக்குச் சுமார் அரை நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகிறது. அதனால் சென்னையில் சீக்கிரமான அஸ்தமனம் நவம்பரிலேயே வந்துவிடும், தாமதமான உதயம் ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

பருவம் தப்பிப் போவதற்குப் பூமியின் அச்சு சாய்ந்துவிட்டதே காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள். சாய்வு மாறுவது உண்மைதான், 22 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே, போய்த் திரும்ப 41,000 வருடம். இப்போது குறைந்துகொண்டிருக்கிறது. அதனால் கடகரேகை நூறு வருடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே நகரும், அவ்வளவுதான். நம் காலத்தில் பூமி சூடேறுவது நாம் எரிக்கும் நிலக்கரியாலும் பெட்ரோலாலும். பழியை அச்சின் மேல் போடாதீர்கள்.

செவ்வாயில் பருவங்கள் உண்டா?

உண்டு. சாய்வு 25 டிகிரி, வருடம் 687 நாள். ஆக ஒவ்வொரு பருவமும் நம்முடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்.

பருவங்களை விளக்கச் செலவில்லாமல் ஒரு மாதிரி செய்ய வேண்டும், பள்ளிக்கு. (ஆசிரியை, தென்காசி)

ஒரு எலுமிச்சம்பழம், ஒரு ஈர்க்கு, நிழற்கவசம் இல்லாத ஒரு பல்பு. பழத்தில் ஈர்க்கைக் குத்துங்கள், மேல் பாதியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் தென்காசி. ஈர்க்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பல்பைச் சுற்றி நடங்கள். பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுவார்கள்: நடக்க நடக்க ஈர்க்கின் முனையையும் பல்பு பக்கமாகவே திருப்பிக்கொண்டு வருவார்கள். அப்படிச் செய்தால் வருடம் முழுக்கக் கோடைதான். ஈர்க்கின் முனை எப்போதும் வகுப்பறையின் ஒரே சுவரைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சுவரில் கடிகாரம் இருந்தால் நல்லது, ‘கடிகாரத்தை விட்டு முனையை எடுக்காதே’ என்று சொல்லிவிடலாம். அறையை இருட்டாக்கிவிட்டு, பாதிச் சுற்றில் நிறுத்தி, வெளிச்சம் அந்தப் புள்ளியில் எப்படிச் சரிந்து விழுகிறது என்று ஒவ்வொரு பிள்ளையையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பல்பு சுடும், கை பத்திரம்.