மேப்பிளில் கறுப்பு வண்டு: வெட்டச் சொல்பவரை நம்பலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். யூன் தொடக்கத்தில் எங்கள் பின்வளவு மேப்பிளில் நீளக் கொம்புள்ள கறுப்பு வண்டு ஒன்றைக் கண்டோம். மரம் வெட்டும் ஒருவர் கதவைத் தட்டி வந்து, "இது ஆசிய நீள்கொம்பு வண்டு. அரசாங்கம் எப்படியும் வெட்டச் சொல்லும், முந்திக்கொள்ளுங்கோ" என்றார். கையெழுத்துப் போட்டு 500 டொலர் முன்பணமும் கொடுத்துவிட்டோம். படம் அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வளவில் பைன் கட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. என்ன செய்வது?

பதில்: மரத்தில் யாரும் கை வைக்க விடாதீர்கள். படத்தில் இருப்பது ஆசிய வண்டு அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த, இந்த நாட்டுக்கே உரிய பைன் வண்டு.

படத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே, முதுகை மூடியிருக்கும் இரண்டு கெட்டியான சிறகோடுகளும் சேரும் இடத்தைப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்பால் தொட்டு வைத்ததுபோல ஒரேயொரு வெள்ளைப் பொட்டு தெரியும். அது இருந்தால் பைன் வண்டு. ஆசிய வண்டுக்கு அந்த இடம் கறுப்பாகவே இருக்கும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆட்கள் ஏமாறுவது பெண் வண்டில். ஆண் பைன் வண்டு வெண்கலம் கலந்த மங்கல் கறுப்பு, அதை யாரும் மாறி நினைப்பதில்லை. பெண்ணுக்கோ சிறகோட்டில் வெள்ளைத் திட்டுகள் உண்டு, கொம்பிலும் மெல்லிய வளையங்கள் தெரியும். உங்களுடையதும் பெண்தான். ஆனால் அந்தத் திட்டுகள் பூஞ்சணம் பிடித்ததுபோலக் கலங்கலாக இருக்கும், சிறகோடும் சொரசொரப்பு. ஆசிய வண்டின் ஓடு மெருகு போட்ட கறுப்பு. புள்ளிகள் தனித்தனியாக, பளிச்சென்று இருக்கும். கொம்பின் ஒவ்வொரு கணுவும் அடியில் நீலங்கலந்த வெள்ளை, நுனியில் கறுப்பு. திட்டுகளை எண்ணிக்கொண்டிருக்காமல் பொட்டைத் தேடுங்கள்.

காலமும் பொருந்தவில்லை. ஆசிய வண்டு பெரும்பாலும் யூலையிலிருந்துதான் மரத்தைத் துளைத்து வெளியே வரும். அந்தத் துளை பென்சில் நுழையுமளவுக்கு வட்டமாக இருக்கும். உங்கள் மேப்பிளில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் அதுவும் ஒரு நல்ல அறிகுறிதான். பைன் வண்டு சாகும் நிலையிலுள்ள அல்லது புதிதாக வெட்டிய பைன், ஸ்புரூஸ் மரங்களில்தான் முட்டையிடும். பக்கத்து வீட்டுக் கட்டைகளிலிருந்து பறந்து வந்து உங்கள் மரத்தில் குந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

வந்தவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் அது எடுபடுகிறது. 2003இல் ரொறன்ரோ, வோன் எல்லையில் ஆசிய வண்டு பிடிபட்டு ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. 2013இல் ஒழிந்ததாக அறிவித்த அதே ஆண்டு மிசிசாகாவில் மறுபடி கண்டார்கள். 2020 யூனில் இரண்டாவது தடவை ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்தப் பயத்தை இன்றும் விற்றுப் பிழைக்கிறார்கள். உண்மையிலேயே அந்த வண்டு என்றால், எந்த மரத்தை வெட்டுவது, கட்டையை எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிப்பது கனடிய உணவுப் பரிசோதனை முகமை (CFIA). பிக்கப் வண்டிக்காரர் கட்டையை ஏற்றிக்கொண்டு போனால் அதோடு புழுவும் ஊர்மாறும். 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை வெட்ட ரொறன்ரோ நகரசபையின் அனுமதியும் வேண்டும். அனுமதியில்லாமல் வெட்டினால் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்.

வீடு வீடாக வந்து வெப்பமூட்டி, தண்ணீர்ச் சூடாக்கி விற்பதை ஒன்ராறியோ 2018இல் தடுத்தது. அந்தப் பட்டியலில் மரம் வெட்டுவதை ஏன் சேர்க்கவில்லை? வயதானவர்களும் ஆங்கிலம் குறைந்தவர்களும் இதில்தான் காசை இழக்கிறார்கள். விசாரிக்கப் போனால் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

இனி இப்படி ஒரு வண்டைக் கண்டால் போத்தலில் பிடித்து மூடி ஃபிரீசரில் வையுங்கள். படத்தோடு முகமைக்கு அறிவியுங்கள். அதுவரை யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஒப்பந்தம் வீட்டில் வைத்து எழுதியது, 50 டொலருக்கும் மேல். பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்லி விட்டுவிடாதீர்கள். எழுத்தில், திகதியோடு அனுப்பி, முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.