சாப்பிடவில்லை என்று ஏசிவிட்டேன், அக்கா

கேள்வி: என் மனைவிக்கு 43 வயது. மார்பகப் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் கீமோ மருந்து ஏற்றியாயிற்று. பஸ்ஸில்தான் போய் வருகிறோம். திரும்பி மாங்குளம் வருவதற்குள் மூன்று சொப்பின் பை நிறையச் சத்தி. பிறகு நான்கு நாள் படுக்கை. நானே குசினிக்குள் நின்று மீன் குழம்பும் சோறும் ஆக்கிக்கொண்டு போனால் முகத்தைத் திருப்புகிறா. போன கிழமை பொறுக்காமல் ஏசிவிட்டேன், அழுதா. சத்திக் குளிசையையும் சத்தி வந்த பிறகுதான் போடுகிறா. நான் என்ன செய்ய?
ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, முதலில் அந்த மீன் குழம்பை நிறுத்துங்கள். உங்கள் கைப்பக்குவத்தில் பிழை இல்லை, மணம்தான் அவவுக்கு ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு மருந்து ஏற்றிய காலத்தில் கிணற்றடிக்கு அங்கால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் தாளிப்பேன். அப்படியும் ஒருநாள் வெங்காயம் வதங்க, மனுசன் உள்ளே இருந்து கத்தினார்.

சூடு ஆறினால் மணம் குறையும். கஞ்சி, இடியப்பத்துக்கு உறைப்பில்லாத சொதி, ரஸ்க், எதுவானாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நான்கு வாய் போதும். ஆறவிடச் சொன்னேன் என்பதற்காகக் காலையில் ஆக்கியதை இரவு கொடுத்துவிடாதீர்கள். வாயில் இரும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்றால் சில்வர் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். அவவுக்கு மிகப் பிடித்த சாப்பாட்டை மருந்து ஏற்றும் நாளில் கொடுக்கவே வேண்டாம், பிறகு அதுவே வெறுத்துப் போகும். பஸ்ஸில் முகரட்டும் என்று நான் தேசிக்காய் கொடுத்தேன். இன்றைக்கும் அவருக்குத் தேசிக்காய் மணம் ஆகாது.

சத்திக் குளிசை, சத்தி வராமல் தடுக்கிறதற்கு. வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். எழுதித் தந்த நேரத்துக்கு, எழுதித் தந்த நாள் மட்டும் கொடுங்கள். அப்படிக் கொடுத்தும் நிற்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள். நம்முடைய ஆட்கள் டொக்டருக்கு முன்னால் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் அழுவார்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் கிளினிக் நாள் வரும்வரை இருக்கக்கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நீங்கள் சாப்பாட்டைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் காய்ச்சலில். மருந்து ஏற்றி 7 முதல் 14 நாள் வரையில் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறையும், சின்னக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும். ஒரு தேர்மோமீட்டர் வாங்குங்கள். 38 பாகை, பரனைட்டில் 100.4 காட்டினால் நடுச்சாமம் என்றாலும் கிளினிக் கொப்பியோடு கிட்டின ஆஸ்பத்திரிக்குப் போய், “கீமோ ஏற்றினவ” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. நான் தாதியாக வேலை செய்தவள். அப்படியிருந்தும் அவருக்கு ஒரு இரவு பனடோல் இரண்டு கொடுத்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று படுத்துவிட்டேன். பனடோல் காய்ச்சலை மறைத்ததே தவிர, கிருமியை ஒன்றும் செய்யவில்லை. விடியப் பார்த்தால் ஆள் குளிரில் நடுங்குகிறார். பதினொரு நாள் வாட்டில் கிடந்தோம்.

மருந்து ஏற்றி இரண்டு நாளைக்குச் சத்தி, சிறுநீர் துப்புரவாக்கும்போது கையுறை போடுங்கள், அதிலும் மருந்து இருக்கும். அயலார் கொண்டுவரும் பப்பாசி இலைச் சாற்றை வாங்கி வையுங்கள், கிளினிக்கில் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஏசியதற்கு அவவிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மூன்றாம் தரம் போய் வரும்போது ட்ரைவருக்குப் பின் சீட்டைப் பிடியுங்கள், பின்பக்கம் குலுக்கும். சொப்பின் பையை நீங்களே வைத்திருங்கள், அவவின் கண்ணில் படவேண்டாம்.