பழைய ஸ்பிரிங் நாற்காலி ஏன் குழிகிறது? மேல்துணியை மாற்றினால் போதுமா?

ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பழைய பங்களா நாற்காலிகளில் உட்கார்ந்தால் நடுவில் பள்ளம் விழும். புதுத் துணி போட்டால் சரியாகாது.

இந்த இருக்கையின் அடியில், சட்டத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் பட்டை இழுத்து அடித்திருக்கும். அதன்மேல் உடுக்கைபோல இடுப்பு சிறுத்த கம்பிச் சுருள்களைத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு சுருளின் தலையையும் பக்கத்துச் சுருள்களோடும் சட்டத்தோடும் கயிறு போட்டுக் கட்டுவார்கள். இந்தக் கட்டுதான் மொத்த வேலைக்கும் உயிர். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தாலும் பாரத்தை எல்லாக் கயிறும் பங்குபோட்டுக்கொள்ளும். நாலு கயிறு அறுந்தால் பள்ளம்தான்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. நீலகிரியில் வீட்டு ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை. சணல் மக்குகிறது, ஆணி துருப்பிடிக்கிறது. நாற்காலியின் அடியில் குனிந்து பாருங்கள்: பட்டை தொட்டில்போலத் தொங்கும், விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். புதுப் பட்டை அடித்து, சுருளைத் தைத்து, கொஞ்சம் அமுக்கிக் கட்டி, கோணித் துணி போர்த்தி, அப்புறம் நாரும் மேல்துணியும். உள்ளே குதிரைமுடி இருந்தால் தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள். அலசி, வெயிலில் காயவைத்து, கையால் பிரித்துவிட்டால் மறுபடி பொங்கி வரும்.

பள்ளம் விழுந்தால் ஸ்பிரிங் போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் போனது பட்டையும் கயிறும். வளையாத, முறியாத சுருளைத் துரு தேய்த்துவிட்டு அப்படியே மறுபடி கட்டலாம்.