கிளுவைப் போத்து ஏன் கருகியது? உயிர்வேலி: வாசகர் கேள்வி - பதில்

ஒரு ஏக்கர் தோட்டத்தைச் சுற்றி உயிர்வேலிக்காக ஐப்பசி மழையில் முள்கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டேன். தினமும் தண்ணீரும் விட்டேன். நன்றாகத் துளிர்த்தது, ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. எங்கே தவறு?
- வாசகர், தாராபுரம்

நட்ட மாதம் ஒரு தவறு, தினமும் தண்ணீர் விட்டது இன்னொன்று. கிளுவை கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அப்போதுதான் சத்து தண்டில் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் இலையோடு நிற்கும் கிளையை வெட்டி நட்டால், வெட்டுவாய் ஆறுவதற்குள் ஈரம் ஏறி அழுகிவிடும். நீங்கள் பார்த்த துளிர் வேர் பிடித்து வந்ததல்ல, தண்டில் இருந்த சத்தில் வந்தது. அது தீர்ந்ததும் கருகிவிட்டது.

காய்ந்த போத்து ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். அடி கருத்து, தோல் கையோடு உரிந்து வந்தால் அழுகல். அடி வெளுத்து விறகாக இருந்தால் மண்ணைச் சரியாக மிதிக்காமல் விட்டிருக்கிறீர்கள். மற்றவற்றை ஆட்டிப் பார்க்க வேண்டாம். அப்போதுதான் விடும் இளவேர் அறுந்துவிடும். நகத்தால் தோலை லேசாகக் கீறுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

மறுபடி நடுவதற்குச் சித்திரை, வைகாசியில் வெட்டுங்கள். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத முற்றிய கிளை, 4 அடி நீளம். பச்சை நுனிகளைக் கழித்துவிடுங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால், ஆட்கள் அவசரத்தில் தலைகீழாக நட மாட்டார்கள். வெட்டியதை ஒரு வாரம் நிழலில் சாய்த்து வையுங்கள், வெட்டுவாய் காய்ந்து மூடட்டும். பிறகு 1 அடி ஆழத்துக்கு நீளமான காடி (பள்ளம்) எடுத்து, அரை அடிக்கு ஒன்றாக நட்டு, மண்ணைத் தள்ளிக் குதிகாலால் மிதியுங்கள். நட்ட அன்று ஒரு தண்ணீர் போதும், பிறகு கோடை மழை பார்த்துக்கொள்ளும். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. 1,670 போத்து வேண்டும். சந்து அடைக்க இன்னும் 200 கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு கிளுவைத் தழையை விரும்பிக் கடிக்கும். முதல் வருடம் வெளிப்பக்கம் வேலமுள் வெட்டிப் போட்டே ஆக வேண்டும். இரண்டாம் வருடம் பக்கக் கிளைகளைப் படுக்கையாக வளைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் பக்கத்துத் தண்டோடு கட்டுங்கள். காங்கயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் மாட்டை உள்ளே விட்டுக் கவலையின்றி இருக்க முடிவது இப்படி அடி அடைத்து வளர்ந்த கிளுவை வேலியால்தான்.

வீட்டுச் சுவர் ஓரம் 25 அடி நீளம், 2 அடி அகல இடம். நர்சரியில் கோனோகார்பஸ் வைக்கச் சொல்கிறார்கள். நம்மூர்ச் செடி கிடையாதா?
- வாசகி, தாம்பரம்

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். வேர் சாக்கடைக் குழாயைத் தேடிப் போகும். குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்திருக்கிறது.

வெயில் விழும் இடமென்றால் நொச்சி, நிழலென்றால் ஆடாதோடை. ஒன்றரை அடிக்கு ஒன்றாக 17 செடி போதும். பென்சில் பருமன், முக்கால் அடி நீளக் குச்சியில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பையில் நட்டு, வேர் நிறைந்ததும் தரைக்கு மாற்றுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த வேலையில். செடி 2 அடி வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு 1 அடிக்கு வெட்டிவிடுங்கள். மறுபடி 2 அடி தாண்டியதும் ஒன்றரை அடிக்கு. உயரமாக விட்டுவிட்டுப் பிறகு வெட்டினால் மேலேதான் கொத்துக் கொத்தாகக் கிளைக்கும், அடியில் நாய் நுழையும். வேலியின் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும். தலை விரிந்தால் அடிக்கிளைக்கு வெயில் படாமல் இலை கொட்டிவிடும்.

நொச்சி நின்றாலே கொசு வராது என்று எண்ண வேண்டாம். தழையைக் காயவைத்துப் புகை போட்டால்தான் பலன்.

கடலோர உப்பு மணலில் எது நிற்கும்?
- வாசகர், வேதாரண்யம்

பூவரசு. மணிக்கட்டுப் பருமனில் 6 அடிப் போத்து, ஒன்றரை அடி ஆழம், 3 அடி இடைவெளி. அது மேலே மரமாகிவிடும் என்பதால் இடையிடையே இசங்கு வையுங்கள். உப்பையும் தாங்கும், நான்கு பக்கமும் முள். நெய்வேலிக் காட்டாமணக்கு சுலபமாக வருகிறதே என்று நட்டுவிடாதீர்கள், வாய்க்காலில் இறங்கினால் தண்ணீரை மறித்துவிடும்.

களாச்செடி வேலி போட விதை வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது விதைக்கலாம்?
- வாசகி, ஊத்தங்கரை

வாங்கி எத்தனை மாதம் ஆயிற்று? களா விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து, பால் பிசுக்குப் போகக் கழுவி, ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். நாற்று ஒரு வருடமானதும் 2 அடி இடைவெளியில் மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். மாடு நுழையாத அளவுக்கு அடர 3 வருடமாவது ஆகும். கத்தரிப்பதைப் பழம் பறித்த கையோடு முடித்துவிடுங்கள். மார்கழி, தையில் வெட்டினால் பூவும் போய்விடும்.